ஊர்ப் பிள்ளைகளின் படிப்புக்கு எண்பதாயிரம் ரூபாய்: எந்த வயதில் செலவழிப்பது?

ஊர்நலச் சங்கம் நடத்துபவர்கள், முன்னாள் மாணவர் மன்றத்தினர், வெளிநாட்டில் வேலை பார்த்துக்கொண்டு அப்பா பெயரில் ஊருக்கு ஏதாவது செய்ய நினைப்பவர்கள் எல்லோரும் சுற்றிச் சுற்றி ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "வருஷத்துக்கு எண்பதாயிரம் வரை திரட்ட முடியும். பிள்ளைகள் நல்லா சாப்பிட்டு நல்லா படிக்கணும். பள்ளிக்கூடத்தில் பால் கொடுக்கலாமா, பால்வாடிக்குச் செய்யலாமா, கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் வாங்கித் தரலாமா?"

எல்லாம் நல்ல காரியம்தான் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் இந்த மூன்றிலும் கிடைக்கும் பலன் வேறு வேறு. செலவு மட்டும் ஏறக்குறைய ஒன்று. 1,500 பேர் உள்ள ஊர் என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 2020 கணக்குப்படி ஆயிரம் பேருக்கு ஆண்டுக்குச் சுமார் 14 பிறப்பு. அப்படியானால் அந்த ஊரில் வருடத்துக்கு 20 குழந்தைகள். ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரை உள்ளவர்கள் எந்நேரமும் 30 பேர். முட்டை 7 ரூபாய் என்றால் தினம் ஒன்று கொடுக்க வருடத்துக்கு 76,650 ரூபாய். பள்ளியில் 55 பிள்ளைகளுக்கு 200 நாள் ஒரு டம்ளர் பால், அதுவும் 7 ரூபாய் என்றால் 77,000. பால்வாடிக்கு அரை நாள் வேலைக்கு ஒரு பெண்ணை மாதம் 6,500 ரூபாய்க்கு வைத்தால் 78,000. ஆக, கையில் உள்ள பணத்துக்கு மூன்றில் ஒன்றுதான் முழுசாகச் செய்ய முடியும்.

## எதை வைத்து அளப்பது

முதல் கேள்வி, படிப்பு என்று எதைச் சொல்கிறோம் என்பது. பிள்ளை பள்ளியில் எத்தனை வருடம் நிற்கிறது என்பது ஒரு கணக்கு. நிற்கிற வருடங்களில் எவ்வளவு கற்கிறது என்பது வேறு கணக்கு. சாப்பாட்டுத் திட்டங்கள் பற்றிப் பேசும்போது இரண்டையும் கலந்துவிடுகிறோம். முடிவு தப்பாகப் போவது பெரும்பாலும் இங்கேதான்.

இரண்டாவது, வயது. உடலும் மூளையும் வேகமாக வளரும் காலம் கருவில் தொடங்கி இரண்டு வயது வரை. அதில் விட்டதைப் பத்து வயதில் பால் கொடுத்துப் பிடிக்க முடியாது.

மூன்றாவது, அரசு ஏற்கெனவே கொடுப்பது என்ன? இருக்கிற சாப்பாட்டின் மேல் இன்னொரு சாப்பாட்டை வைத்தால் பலன் கொஞ்சம்தான். நான்காவது, கொடுத்த பொருள் அந்தக் குழந்தையின் வாய்க்குப் போகிறதா? ஐந்தாவது, முதல் வருட உற்சாகம் வடிந்த பிறகு இதை யார் நடத்துவார்கள்?

## கர்ப்பம் முதல் இரண்டு வயது வரை

இதற்கு இருக்கிற ஆதாரம் மற்ற எதற்கும் இல்லாத அளவுக்கு நீளமானது. குவாத்தமாலாவின் எல் புரோகிரெசோ பகுதியில் நான்கு கிராமங்களில் 1969 முதல் 1977 வரை ஒரு சோதனை நடந்தது. இரண்டு கிராமங்களில் 'அத்தோலே' என்ற சத்துக் கஞ்சி. ஒரு கோப்பையில் 163 கலோரி, 11.5 கிராம் புரதம். மற்ற இரண்டில் புரதமே இல்லாத, 59 கலோரி உள்ள இனிப்புப் பானம். ஊர் நடுவே ஒரு இடத்தில் தினம் இரண்டு வேளை, யார் வந்தாலும் கொடுத்தார்கள். அந்தக் குழந்தைகள் பெரியவர்களான பிறகு தேடிப் பிடித்துப் பார்த்தார்கள். மூன்று வயதுக்குள் கஞ்சி குடித்த பெண்கள் 1.2 வகுப்பு கூடுதலாகப் படித்திருந்தார்கள். வாசித்துப் புரிந்துகொள்ளும் தேர்விலும், சொல் இல்லாத புத்திக்கூர்மைத் தேர்விலும் ஆண், பெண் இருவருமே மேலே இருந்தார்கள். இரண்டு வயதுக்குள் குடித்த ஆண்களின் மணிக்கூலி, சராசரியைக் கணக்கில் வைத்தால் 46 சதவீதம் கூடியிருந்தது. மூன்று வயதுக்குப் பிறகு மட்டும் குடித்தவர்களிடம் இந்த வித்தியாசங்கள் தெரியவில்லை.

நமக்குப் பக்கத்திலும் ஒன்று நடந்திருக்கிறது. ஐதராபாத் அருகே 29 கிராமங்கள். 1987 முதல் 1990 வரை அவற்றில் 15 கிராமங்களில் கர்ப்பிணிகளுக்கும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் மக்காச்சோளம், சோயா மாவு கலந்த உப்புமா தினமும் சமைத்துக் கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் பிறந்தவர்கள் வளர்ந்த பிறகு, அவர்கள் பள்ளியில் இருக்கும் வாய்ப்பு 7.8 சதவீதம் கூடுதலாகவும், முடித்த வகுப்பு 0.84 கூடுதலாகவும் இருந்தன. ஆனால் மதிப்பெண்ணில் வித்தியாசம் இல்லை. கிராமங்கள் சீட்டுக் குலுக்கிப் பிரிக்கப்பட்டவை அல்ல, அதனால் இந்த எண்களைக் கொஞ்சம் தளர்வாகவே பிடித்துக்கொள்ள வேண்டும். மதிப்பெண் விஷயத்தை மட்டும் நினைவில் வையுங்கள், பால்வாடிப் பகுதியில் தேவைப்படும்.

சரி, முட்டைக்கு வருவோம். ஈக்வடாரின் மலைக் கிராமங்களில் ஆறு முதல் ஒன்பது மாதக் குழந்தைகளுக்கு ஆறு மாதம் தினம் ஒரு முட்டை கொடுத்ததில், வயதுக்கேற்ற உயரம் இல்லாத குழந்தைகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தார்கள். அதைப் படித்துவிட்டு மலாவியில் ஏரிக்கரைக் கிராமங்களில் செய்து பார்த்தபோது உயரத்தில் ஒன்றும் மாறவில்லை. அங்கே குழந்தைகள் ஏற்கெனவே மீன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஈக்வடாரிலும் முட்டை நின்று இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் பழைய உயர வித்தியாசம் நிற்கவில்லை. எனவே ஆறு மாதம் கொடுத்துவிட்டு நிறுத்தும் எண்ணம் இருந்தால் தொடங்காமலிருப்பதே மேல். கடலோர ஊரில் முட்டை வாங்குவதற்கு முன் அந்த வீடுகளில் குழந்தைக்கு மீன் மசித்துக் கொடுக்கிறார்களா என்று கேளுங்கள்.

மறைந்திருக்கும் செலவு இந்த வழியில்தான் அதிகம். அங்கன்வாடியில் ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை சத்துமாவு பாக்கெட்டை வீட்டுக்குக் கொடுத்து அனுப்புகிறார்கள். வீட்டுக்குப் போன பாக்கெட் எல்லாருக்கும் பொது. பெரியவனும் கேட்பான், பாட்டியும் சாப்பிடுவார், சில வீடுகளில் மாட்டுக்கும் போகும். இதில் கோபப்பட ஒன்றுமில்லை. நான்கு பேர் உட்கார்ந்திருக்கும் வீட்டில் ஒரு குழந்தைக்கு மட்டும் உருண்டை பிடித்துக் கொடுக்க எந்தத் தாய்க்கும் மனசு வராது. குவாத்தமாலாவில் கோப்பையை அங்கேயே குடித்தார்கள். ஐதராபாத் பக்கத்தில் சமைத்த உப்புமாவாகக் கொடுத்தார்கள். நீங்களும் முட்டையை அட்டையாக வீட்டுக்கு அனுப்பாமல், வேகவைத்து, ஒரு வீட்டுத் திண்ணையிலோ பால்வாடி வாசலிலோ குழந்தைக்கு ஊட்டி முடிக்கும்வரை இருக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளின் சம்பளம் மேலே போட்ட கணக்கில் இல்லை. நூறு நாள் வேலைக்கோ நடவுக்கோ காலை எட்டு மணிக்கே கிளம்பும் தாய்மார்கள் எப்போது குழந்தையைத் தூக்கி வருவார்கள் என்பதும் இன்னொரு கணக்கு. பாட்டி தூக்கி வருவார் என்றால், பேச வேண்டியது பாட்டியிடம்.

அப்புறம், இதில் புகைப்படம் எடுக்க எதுவும் கிடையாது. பலன் தெரிய பதினைந்து வருடம் ஆகும். நன்கொடை கொடுத்தவர்களிடம் இதை முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

செலவைக் குறைக்க நம் ஊரிலேயே முன்மாதிரி உண்டு. 1980-ல் மதுரை மாவட்டத்தில் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில் ஆறு மாதம் முதல் 36 மாதம் வரையுள்ள குழந்தைகளை மாதாமாதம் எடை போட்டார்கள். எடை ஏறாமல் நின்ற குழந்தைக்கு மட்டும் 90 நாள் கூடுதல் உணவு, அது தேறியதும் நிறுத்தம். 30 குழந்தைகளுக்கும் கொடுப்பதற்குப் பதில் எந்நேரமும் பத்துக் குழந்தைகள் என்றால் முட்டைச் செலவு 25,550 ரூபாயில் முடிந்துவிடும்.

## பால்வாடி: மூன்று முதல் ஐந்து வயது

பால்வாடிக்கு உதவி என்றதும் பெரும்பாலோர் தட்டு, டம்ளர், பொம்மை, சுவரில் படம் என்று போய்விடுகிறார்கள். அங்கே சாப்பாடு இருக்கிறது. 1975-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் ஒரு குழந்தைக்கு நாளுக்கு இத்தனை கலோரி, இவ்வளவு புரதம் என்று அளவே உண்டு. தமிழ்நாட்டில் 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கியபோதே இரண்டு வயதிலிருந்து கிராமப் பிள்ளைகள் அதில் இருந்தார்கள். இல்லாதது நேரம். ஒரு டீச்சர், ஒரு உதவியாளர். டீச்சர் எடை போட வேண்டும், பதிவேடு எழுத வேண்டும், போஷன் டிராக்கர் செயலியில் ஏற்ற வேண்டும், வீடு வீடாகப் போக வேண்டும், கூட்டத்துக்கும் போக வேண்டும். பாட்டும் கதையும் மீதி நேரத்தில்.

தமிழ்நாட்டில் நான்கு மாவட்டங்களில் 320 அங்கன்வாடி மையங்களை வைத்து, பொருளாதார அறிஞர் கார்த்திக் முரளிதரனும் கூட்டாளிகளும் இதைச் சோதித்தார்கள். சீட்டுக் குலுக்கி, பாதி மையங்களில் அரை நாள் வேலைக்கு ஒரு கூடுதல் ஆளைப் போட்டார்கள். அவர் வேலை பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது மட்டும். சொல்லிக்கொடுக்கும் நேரம் இரு மடங்கானது. 18 மாதத்தில் கணக்கிலும் மொழியிலும் அந்தப் பிள்ளைகள் தெளிவாக முந்தினார்கள். புள்ளியியல்காரர்கள் கணக்கில் முறையே 0.29, 0.46 திட்டவிலக்கம். வரிசையின் நடுவில் நிற்கும் பிள்ளை மொழியில் நூறு பேரில் பதினெட்டு பேரைத் தாண்டி முன்னால் போகிற அளவு என்று வைத்துக்கொள்ளலாம்.

எனக்கு இதில் பிடித்தது அடுத்து வருவதுதான். புது ஆள் உணவைத் தொடவே இல்லை. இருந்தும் அந்த மையங்களில் வளர்ச்சி குன்றிய குழந்தைகளும், கடுமையான ஊட்டச்சத்துக் குறைவுள்ள குழந்தைகளும் குறைந்தார்கள். பழைய டீச்சருக்குக் கை ஒழிந்ததால் அவர் சாப்பாடு, எடை, வீட்டுச் சந்திப்பு ஆகியவற்றில் கவனம் வைத்தார். ஐதராபாத் பக்கத்தில் உப்புமா தராத மதிப்பெண்ணும் இங்கே கிடைத்தது, உணவின் பலனில் ஒரு பங்கும் கூடவே வந்தது. பலன் செலவைப்போல 13 முதல் 21 மடங்கு வரை வரும் என்பது அவர்கள் போட்ட கணக்கு.

மறைச் செலவு இங்கும் உண்டு. மையம் அரசுடையது. குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் எழுத்தில் அனுமதி வாங்காமல் நீங்கள் ஒருவரை உள்ளே உட்கார வைக்க முடியாது. அனுமதி கிடைத்தாலும், புதிதாக வந்தவரைத் தன்மேல் வைக்கப்பட்ட கண்காணிப்பு என்று டீச்சர் நினைத்துவிட்டால் கதை முடிந்தது. ஆளைத் தேர்ந்தெடுக்கும்போதே டீச்சர் அக்காவையும் கூட்டத்தில் உட்கார வையுங்கள். அந்த ஊரிலேயே கல்யாணமாகிக் குடியிருக்கும் பெண் கிடைத்தால் நல்லது. பக்கத்து ஊரிலிருந்து வரும் பெண் கல்யாணம் ஆனதும் போய்விடுவார், மறுபடி முதலிலிருந்து பயிற்சி. மூன்றரை வயதில் மஞ்சள் வேன் வந்து பாதிப் பிள்ளைகளை எல்.கே.ஜி.க்கு ஏற்றிக்கொண்டு போகிற ஊரில், மீதி எத்தனை பேர் பால்வாடியில் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்காமல் தொடங்க வேண்டாம். பெற்றோர் எல்.கே.ஜி.க்கு அனுப்புவதே பால்வாடியில் "ஒண்ணும் சொல்லித் தர்றதில்ல" என்பதால்தான், அதனால் கூடுதல் ஆள் வந்தால் சில பிள்ளைகள் திரும்பவும் கூடும். அதை நம்பி மட்டும் கணக்குப் போடாதீர்கள்.

## பள்ளிக்கூடத்தில் சாப்பாடு

கேட்பவர்களில் பெரும்பாலோர் மனதில் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டு வருவது இதைத்தான். பள்ளிச் சாப்பாடு பலன் தரும் என்பதில் சந்தேகமில்லை. 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சமைத்த மதிய உணவு கொடுக்கச் சொன்ன பிறகு மாநிலம் மாநிலமாக அது பரவியது. அதை வைத்துச் செய்த ஆய்வில், ஐந்து வருடம் வரை சாப்பிட்ட பிள்ளைகளின் வாசிப்பு மதிப்பெண், ஒரு வருடத்துக்கும் குறைவாகச் சாப்பிட்டவர்களைவிட 18 சதவீதமும் கணக்கு 9 சதவீதமும் கூடுதலாக இருந்தன. ஆந்திராவில் வறட்சியில் மெலிந்த சின்னப் பிள்ளைகளைப் பள்ளிச் சாப்பாடு ஓரளவு தேற்றியதும் பதிவாகியிருக்கிறது.

ஆனால் இவை, சாப்பாடு இல்லாத பள்ளிக்குச் சாப்பாடு வந்ததன் பலன். தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் மதியம் முட்டையோடு சாப்பாடு இருக்கிறது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, படிப்படியாக விரிந்த காலை உணவும் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை இருக்கிறது. அதன் மேல் நீங்கள் கொடுக்கும் டம்ளர் பால் மூன்றாவது அடுக்கு. பிள்ளைகள் சந்தோஷமாகக் குடிப்பார்கள், படம் நன்றாக வரும், படிப்பில் பெரிதாக ஒன்றும் நகராது. சுத்தமான பால், காய்ச்ச ஆள், கெட்டுப்போனால் வரும் பிரச்சினை எல்லாம் தலைமையாசிரியர் தலையில்.

இடைவெளி இருப்பது ஆறாம் வகுப்புக்கு மேல். காலை உணவு அங்கே இல்லை. பேருந்து பிடிக்க ஏழு மணிக்கே வெறும் வயிற்றோடு கிளம்பும் எட்டாம் வகுப்புப் பெண் இருக்கிற ஊர் என்றால், பள்ளி வழிதான் சரி. அந்த வயதில் கேள்வியே பிள்ளை பள்ளியில் நிற்குமா என்பதுதான்.

## யாரும் கேட்காத நான்காவது வழி

ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளை நான்கு குழுவாகப் பிரித்தார்கள். சிலருக்குப் பால் பொருள், சிலருக்கு வாரம் ஒரு முறை வீட்டுக்கு வந்து தாயோடு சேர்ந்து விளையாட்டு, சிலருக்கு இரண்டும், சிலருக்கு ஒன்றுமில்லை. இருபது வருடம் கழித்து, விளையாட்டுக் குழுவில் இருந்தவர்களின் சம்பாத்தியம் 25 சதவீதம் கூடியிருந்தது. பால் மட்டும் குடித்தவர்களிடம் நீண்ட காலப் பலன் தெரியவில்லை. அது நகரம் என்று சொல்லித் தள்ளலாம். ஆனால் ஒடிசாவில் 192 கிராமங்களில் இதே முறையைச் செய்தபோதும் குழந்தைகளின் அறிவு வளர்ச்சி நன்றாக உயர்ந்தது. தாய்மாரைக் குழுவாகக் கூட்டி வைத்துச் செய்ததும் வீட்டுக்குப் போனதற்கு ஈடான பலனைத் தந்தது, செலவு மிகக் குறைவு. ஊட்டச்சத்து பற்றி அறிவுரை மட்டும் சொன்ன கிராமங்களில் ஒன்றும் மாறவில்லை. கர்ப்பிணிகளுக்கு விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தலாம் என்று யாராவது சொன்னால் இதைக் காட்டுங்கள்.

பொம்மை வாங்க வேண்டியதில்லை. தேங்காய்ச் சிரட்டை, காலி டப்பா, துணி உருண்டை போதும். முட்டை ஊட்டத் தாய்மார் கூடும் அதே அரை மணி நேரத்தில் இதையும் நடத்தலாம்.

## பக்கத்தில் பக்கத்தில்

| | இரண்டு வயது வரை உணவு | பால்வாடிக்குக் கூடுதல் ஆள் | பள்ளியில் பால் |
|---|---|---|---|
| பள்ளியில் நிற்கும் வருடம் | கூடும் | நீண்ட காலத்தில்தான் தெரியும் | சாப்பாடு இல்லாத வகுப்புகளில் கூடலாம் |
| வாசிப்பு, கணக்கு | இடத்துக்கு இடம் மாறுகிறது | 18 மாதத்தில் தெரியும் | இங்கே குறைவு |
| அரசு ஏற்கெனவே தருவது | சத்துமாவு | உணவு உண்டு, நேரம் இல்லை | காலை, மதியம் இரண்டும் |
| குழந்தையின் வாய்க்குப் போவது | ஊட்டினால்தான் | கேள்வி இல்லை | போகும் |
| பெரிய மறைச் செலவு | ஊட்டும் ஆள் | அனுமதி, ஆள் மாற்றம் | சுத்தம், பொறுப்பு |

## எந்த ஊருக்கு எது

பால்வாடியில் இருபது பிள்ளைகளாவது இருந்து, டீச்சர் ஒத்துழைப்பவராக இருந்து, ஒன்றாம் வகுப்பு ஆசிரியர் "எழுத்தே தெரியாம வர்றாங்க" என்று சொல்கிற ஊர் என்றால், யோசிக்காமல் கூடுதல் ஆள். தமிழ்நாட்டின் பெரும்பாலான ஊர்களுக்கு என் தேர்வு இதுதான்.

மலை ஊர், செங்கல் சூளைக் குடியிருப்பு, அங்கன்வாடி நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற இடம், எடைப் பதிவேட்டில் பாதிக் குழந்தைகள் கோட்டுக்குக் கீழே இருக்கிற இடம் என்றால், இரண்டு வயதுக்குள் உணவு முதலில். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019-21) தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் 25 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள், நாட்டு அளவு 35.5. மாநிலச் சராசரியைப் பார்த்து ஏமாற வேண்டாம், உங்கள் ஊர்ப் பதிவேட்டைப் பாருங்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்பதும் அதே கணக்கெடுப்பில் உண்டு. அதற்கு இரும்புச்சத்து மருந்து அரசிடமே இலவசமாக இருக்கிறது, நர்சம்மாவிடம் கேட்டால் போதும், நீங்கள் பணம் போட வேண்டியதில்லை.

## பணத்தைப் பிரிக்கலாமா

மூன்றாகப் பிரித்தால் எதுவும் நடக்காது. இரண்டாகப் பிரிக்கலாம். எடை நின்றுபோன பத்துக் குழந்தைகளுக்குத் தினம் முட்டை 25,550 ரூபாய். பால்வாடிக்கு நாளுக்கு இரண்டு மணி நேரம் மட்டும் வருபவருக்கு மாதம் 4,000 வீதம் 48,000. மொத்தம் 73,550. அவரே பதினொரு மணிக்குப் பிள்ளைகளை டீச்சரிடம் விட்டுவிட்டு, வாசலில் கூடும் தாய்மாரோடும் பாட்டிமாரோடும் அரை மணி நேரம் உட்கார முடியுமா என்று பேசிப் பாருங்கள். முடியுமென்றால் மீதி 6,450 ரூபாயையும் அவருக்கே கொடுத்துவிடலாம். அனுமதிக் கடிதத்தை மார்ச்சிலேயே கொடுத்தால்தான் ஜூனுக்குள் பதில் வரும். முட்டை சாப்பிடாத வீட்டுக் குழந்தைக்குப் பாலும், நன்றாக மசித்த பருப்பும், நைசாக அரைத்த நிலக்கடலையும். முழுக்கடலை அந்த வயதில் தொண்டையில் சிக்கும், கொடுக்கவே கூடாது.